கணினியுள் உறையும் ஏவற் பூதங்கள்

பண்டைப் பூம்புகார் நகரத்துச் சதுக்கமொன்றில் ஒரு பூதம் காவல் பூண்டிருந்ததென்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. தவவேடத்துள் மறைந்து தீயன செய்வாரையும், பொய்ச்சான்று புகல்வாரையும், மன்னனுக்கு இரண்டகஞ் செய்யும் அமைச்சரையும் அப்பூதம் தன் கயிற்றாற் பிணித்து ஒறுக்கும் என்பது செய்தி. அங்காடியில் விற்பாரும் கொள்வாரும் தத்தம் தொழிலை இடையூறின்றி நடத்திச் செல்ல, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத காவலொன்று நகரின் நடுவே நிலவியதென்னுங் கருத்து அக்காலத்தார்க்கு இயல்பாயிருந்தது. இக்காலத்து யந்திரங்களுட் சிறந்ததாகிய கணினியினுள்ளும் இத்தகைய பூதங்கள் பல உறைகின்றன என்று கூறின், வாசகர் நகைத்தல் கூடும். ஆயினும் இது புனைந்துரையன்று. அவற்றை ஆக்கிய அறிஞரே அவற்றிற்கு அப்பெயரை இட்டனர். அவை யாவை, அவற்றை ஏவுமாறும் அடக்குமாறும் எங்ஙனம், அவ்வறிவு நம்மனோர்க்கு வேண்டுவதென்னை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். ஆங்கிலத்தில் இவை 'டீமன்' எனப்படும். இச்சொல் 'டைமோன்' என்னும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. தமிழ் விவிலியத்திற் பிசாசு என்று பெயர்க்கப்படுவதும் இச்சொல்லின் இனத்ததேயெனினும், பழைய கிரேக்கர் வழக்கில் அது தீமையொன்றையே குறித்ததன்று. தேவர்க்கும் மாந்தர்க்கும் இடைநின்று தொழில்புரியும் ஆவியையும் குறித்தது. சாக்கிரட்டீசு என்னும் ஞானி, தகாத செயலில் இறங்கப் புகுந்தவிடத்துத் தம்மைத் தடுக்கும் உட்குரலொன்று உண்டென்று கூறியதும் இவ்வகைப்பட்டதே. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் பௌதிக நூலறிஞர், தம் நண்பர்க்கு வரைந்த கடிதமொன்றில், இரண்டு அறைகட்கு இடையேயுள்ள சிறு கதவின் பக்கத்தே நின்று, விரைந்து செல்லும் மூலக்கூறுகளை ஒருபுறமும், மெல்லச் செல்வனவற்றை மறுபுறமும் பிரித்து விடுக்கும் நுண்ணிய காவலனொருவனைக் கற்பனை செய்தார். அக்காவலனுக்குப் பிற்காலத்தில் 'மாக்ஸ்வெல்லின் டீமன்' என்னும் பெயர் நிலைத்தது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், பயன்படுத்துவோர் கண்ணிற் படாது பின்னணியிலிருந்து ஓயாது தொழில்புரியும் நிரல்கட்கு, மாக்ஸ்வெல்லின் காவலனை நினைந்து இப்பெயரைச் சூட்டினர்.

தமிழில் இதனை யாதென்பது? 'பேய்' எனின் அச்சமே மிகும். 'தெய்வம்' எனின் அளவுக்கு மிஞ்சிய உயர்வாம். இட்ட தொழிலைச் செய்து, ஏவியவன் சொல்லுக்கு அடங்கி நிற்றலின், 'ஏவற் பூதம்' என்றே ஈண்டு வழங்குவோம். நம் நாட்டுப் பாட்டிமார் கூறுங் கதைகளில், ஒரு வேலை முடிந்தவுடன் அடுத்த வேலை யாதென்று கேட்டு நிற்கும் பூதமும், அதற்கு ஈடுகொடுக்கமாட்டாது நாய்வாலை நிமிர்த்தென்று ஏவித் தப்பிய மனிதனும் உளர். கணினிப் பூதமோ அத்தகைய தொல்லை தருவதன்று. வேலையில்லாதபோது அது துயிலும். அழைப்பு வந்தவுடன் எழும். முடித்தபின் மீண்டுந் துயிலும்.

இனி அதன் இயல்பைக் காண்போம். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றும் 'பிராசஸ்' எனப்படும். அதனை 'வினை' என்போம். ஒவ்வொரு வினைக்கும் ஓர் எண் உண்டு. அதனைப் பிறப்பித்த தாய்வினையும் ஒன்று உண்டு. நாம் திரையின்முன் அமர்ந்து இயக்கும் நிரல் நம் முனையத்தோடு பிணிப்புண்டு கிடக்கும்; முனையத்தை மூடின் பெரும்பாலும் அதுவும் உடன்மடியும். இப்பிணிப்பினின்று விடுபடுதற்குப் பழைய முறையொன்று உண்டு. வினையானது தன்னைப் போன்றதொரு சேய்வினையைப் பிறப்பித்துவிட்டுத் தான் மறையும். தாயற்ற அச்சேயை, கணினியின் முதல்வினை, அதாவது 1 என்னும் எண்ணையுடைய வினை, தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும். பின்னர் அச்சேய் முனையத்தின் தொடர்பை அறுத்து, விசைப்பலகையினின்று கேட்டலையும் திரையிற் பேசுதலையும் ஒழித்து, பின்னணியில் அமர்ந்து தன் கடனை ஆற்றும். ஆதரவற்ற பிள்ளைகளை ஏற்று வளர்க்கும் இல்லம்போல முதல்வினை விளங்குதலைக் காண்க. இக்காலத்திலோ முதல்வினையே பூதங்களை நேரே பிறப்பித்தலின், இவ்வளவு சூழ்ச்சியும் பெரும்பாலும் வேண்டப்படுவதன்று.

இப்பூதங்களுட் சிலவற்றின் பெயர்களையேனும் வாசகர் அறிதல் நலம். தொலைவிலிருந்து கணினியை ஆள விரும்புவோர்க்கு வாயில் காப்பது 'எஸ்.எஸ்.எச்.டி.', அது வழக்கமாக 22 என்னும் எண்ணுடைய வாயிலில் நிற்கும். குறித்த நாழிகையிற் குறித்த பணியைத் தவறாது செய்வது 'கிரான்'. நள்ளிரவில் ஏடுகளைப் படியெடுத்து வைப்பது பெரும்பாலும் இதன் தொழில். இணையத்தின் வழி வருவார்க்குப் பக்கங்களை எடுத்து வழங்குவன 'அப்பாச்சி', 'என்ஜின்எக்ஸ்' முதலியன. அச்சிடுதலை மேற்பார்ப்பது 'கப்ஸ்'. பேரேடுகளைக் காத்து, கேட்ட குறிப்பை நொடியில் எடுத்துக் கொடுப்பன 'மைஎஸ்க்யூஎல்', 'போஸ்ட்கிரெஸ்' முதலியன. இவற்றுட் பலவற்றின் பெயர், டீமன் என்பதன் முதலெழுத்தாகிய 'டி' என்பதை ஈற்றிற் கொண்டு முடியும். இடைநிலை, விகுதி முதலியவற்றைப் பகுத்துப் பயின்ற நம்மனோர்க்கு, ஈற்றெழுத்தாற் குலமறியும் இம்முறை இன்பம் பயப்பதாம்.

இவற்றையெல்லாம் ஆளும் முறை காலந்தோறும் மாறி வந்துள்ளது. யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. அதனையொத்த லினக்ஸின் கருவை, பின்லாந்து நாட்டு மாணவராகிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில், தமக்கு 21 வயது நடந்தேறிய காலத்தில் வெளியிட்டார். 1993ஆம் ஆண்டில் தோன்றிய டெபியன் என்பது லினக்ஸின் புகழ்பெற்ற தொகுப்புகளுள் ஒன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஸ்' என்னும் இந்தியத் தொகுப்பும் டெபியனையே அடியாகக் கொண்டது. முற்காலத்தில் ஒவ்வொரு பூதத்திற்கும் தனித்தனியே ஒரு கட்டளைக் கோப்பு இருந்தது. முதல்வினை அவற்றை வரிசைமுறையில் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும். ஒன்று தாமதிப்பின் அடுத்ததும் தாமதிக்கும். 2010ஆம் ஆண்டில் லெனார்ட் போயெட்டரிங், கே சீவர்ஸ் என்போர் 'சிஸ்டம்டி' என்னும் புதிய முதல்வினையை வெளியிட்டனர். அது பூதங்கள் பலவற்றை ஒருங்கே எழுப்பவும், ஒவ்வொரு பூதமும் பெற்ற சேய்வினைகளை ஒரு குழுவாக அடைத்துக் கண்காணிக்கவும் வல்லது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் எட்டாம் பதிப்பு இதனையே முதல்வினையாக மேற்கொண்டது. ஒரே மேற்பார்வையாளரிடத்து இத்துணை அதிகாரமுங் குவிதல் தகாதென்று வாதித்தோரும் உளர். அவருட் சிலர் பிரிந்து சென்று 'டெவுவன்' என்னும் வேறொரு தொகுப்பையே சமைத்தனர். அவ்வாதம் எவ்வாறாயினும், இன்று சேவைக் கணினிகளிற் பெரும்பாலனவற்றில் நாம் எதிர்ப்படுவது சிஸ்டம்டியே.

'இவையெல்லாம் கணிதமும் பௌதிகமும் பயில்வார்க்கு உரியன. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழ்வார்க்கு இவற்றாற் பயனென்னை?' என்று வினவுவாரும் இருக்கலாம். அவர் நம் ஊர்களின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தோன்றிற்று. 1964ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையினின்று 1965ஆம் ஆண்டு இறுதியில் விஜயந்தா என்னும் போர்வண்டி வெளிவந்தது. கடைசலும் வார்ப்பும் அறிந்த கைகள் அக்காலத்தில் இவ்வூர்களுக்குச் சோறிட்டன. இன்றோ அதே தொழிற்பேட்டையில் மென்பொருள் நிறுவனங்களும் தரவு மையங்களும் உயர்ந்து நிற்கின்றன. 2023ஆம் ஆண்டில் என்.டி.டி. நிறுவனமும் அம்பத்தூரில் ஒரு தரவு மைய வளாகத்தைத் திறந்தது. குளிரூட்டிய கூடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் கணினிகளிடத்து, இரவும் பகலும் தொழில்புரிவன மேற்கூறிய பூதங்களே. அவற்றை இரவெல்லாம் விழித்திருந்து காக்கும் பணி, பூந்தமல்லி நெடுஞ்சாலையிற் பேருந்தேறிச் செல்லும் நம் இளைஞர்க்கும் நங்கையர்க்கும் வாய்க்கின்றது. ஆதலின், பூதங்களை ஆளும் கல்வி இவ்வூர்களில் வயிற்றுக்குச் சோறும் வாழ்வுக்கு மதிப்பும் தருங் கல்வியாம்.

பூதங்கட்குத் திரையிற் காட்டும் பொத்தான் பெரும்பாலும் இல்லை. கட்டளை வரியிற் சொல்லைத் தட்டியே அவற்றை ஏவுதல் வேண்டும். அக்கட்டளைகளை ஆங்கில எழுத்தாலேயே தட்டல் வேண்டும். ஈண்டு அவற்றின் ஒலிவடிவமே தமிழெழுத்தாற் குறிக்கப்படுகின்றது. ஏவுவதற்குரிய முதன்மைச் சொல் 'சிஸ்டம்சிடிஎல்' என்பது. அதனை அடுத்து ஏவற்சொல்லும், அதன்பின் ஏவப்படும் பூதத்தின் பெயரும் வரும். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கிரான்' என்பது, 'மேற்பார்வையாளனே, கிரானைத் தொடங்கு' என்றவாறு. தமிழில் வினை தொடரின் ஈற்றில் நிற்கும். ஈண்டு அது பெயர்க்கு முன் நிற்கும். ஆயினும் விகுதியேதுமின்றி வினைப்பகுதியே ஏவலாய் நிற்றல் இரண்டிற்கும் பொது.

இவ்விடத்து இலக்கண நுட்பமொன்று கருதத்தக்கது. 'அரசன் கோயில் கட்டினான்' என்புழி அரசன் ஏவுதற் கருத்தா. 'தச்சன் கோயில் கட்டினான்' என்புழித் தச்சன் இயற்றுதற் கருத்தா. கட்டளை வரியில் அமர்ந்தவன் பூதத்தைத் தன் கையால் தொடங்குவதுமில்லை, நிறுத்துவதுமில்லை. அவன் கூற்றைக் கேட்டு, அதனைச் செய்து முடிப்பது முதல்வினையாகிய சிஸ்டம்டி. எனவே மனிதன் ஏவுதற் கருத்தா. சிஸ்டம்டி இயற்றுதற் கருத்தா. ஏவுவோனுக்கு அதற்குரிய அதிகாரம் வேண்டும். எல்லா உரிமையும் உடைய பயனர் 'ரூட்' எனப்படுவர். ஏனையோர், தமக்கு இசைவு தரப்பட்டிருப்பின், 'சூடு' என்னும் சொல்லை முன்னர்ப் பெய்து அவ்வதிகாரத்தை அவ்வொரு கட்டளைக்கு மட்டும் பெறுவர். எந்நேரமும் முடிசூடி அமர்ந்திராது, வேண்டுமிடத்து மட்டும் முத்திரை மோதிரத்தைப் பெற்று மீள வைத்தல் போல்வது இது.

ஏவற்சொற்களுள் முதற்கண் பயில வேண்டுவது 'ஸ்டேட்டஸ்'. இது யாதொன்றையும் மாற்றுவதன்று, நிலையை வினவுவது. பூதம் இயங்குகின்றதா, ஓய்ந்துளதா, பழுதுற்று வீழ்ந்ததா, அதன் வினையெண் யாது, அண்மையில் அது எழுதிவைத்த குறிப்புகள் யாவை என்பனவற்றை இது காட்டும். நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியன் எத்தன்மையனோ, நிலை வினவாது ஏவுவோனும் அத்தன்மையனே. 'ஸ்டார்ட்' தொடங்குவது, 'ஸ்டாப்' நிறுத்துவது, 'ரீஸ்டார்ட்' நிறுத்தி மீளத் தொடங்குவது. 'ரீலோட்' என்பதோ பூதத்தை வீழ்த்தாமலே அதன் விதிக்கோப்பை மீளப் படிக்குமாறு பணிப்பது. வாயிலில் மக்கள் நிற்கையிற் கடையை அடைத்துத் திறப்பது ரீஸ்டார்ட். கடை திறந்திருக்கும்போதே விலைப்பட்டியலை மாற்றித் தொங்கவிடுவது ரீலோட். பூதங்கள் எல்லாம் ரீலோடை ஏற்பனவல்ல. ஏற்குமிடத்து அதுவே சிறந்தது.

இவற்றினும் நுண்ணியது 'ஸ்டார்ட்' என்பதற்கும் 'எனேபிள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. ஸ்டார்ட் என்பது நம் இலக்கணத்து ஏவல் போன்றது: முன்னிற்பவனை நோக்கி, இப்பொழுதே செய்யெனக் கூறுவது. எனேபிள் என்பது விதித்தற் பொருளில் வரும் வியங்கோள் போன்றது: கணினி எழும் போதெல்லாம் இப்பூதமும் எழுக என்று நிலையாக விதிப்பது. ஏவிய மாத்திரத்தான் விதித்ததாகாது. விதித்த மாத்திரத்தான் அந்நொடியே தொடங்கியதுமாகாது. இரண்டையும் ஒருங்கே செய்யவேண்டின், எனேபிளோடு 'நவ்' என்னும் குறிப்பையும் சேர்த்தல் வேண்டும். எழுதற்க என்று அவ்விதியை நீக்குவது 'டிசேபிள்'. வேறு எப்பூதத்தின் வேண்டுகோளாலும், மனிதன் ஏவலாலுங்கூடத் தொடங்கற்க என்று கட்டிப் போடுவது 'மாஸ்க்'.

இவ்வேறுபாட்டின் பயன் இடர்க்காலத்திற் புலப்படும். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலாற் பெய்த பெருமழையில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையுள் வெள்ளம் புகுந்ததையும், சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டதையும் இவ்வூரார் மறவார். ஒரு கல்லூரி நூலகத்தில் பட்டியலைக் காக்கும் கணினி ஒன்று உளதென்று கொள்க. அதன் பேரேட்டுப் பூதத்தை ஒருவர் ஓராண்டுக்கு முன் 'ஸ்டார்ட்' என்று ஏவினார். 'எனேபிள்' என்று விதிக்க மறந்தார். ஓராண்டு முழுதும் அது குறையின்றி உழைத்தது; குறையொன்று உண்டென்பதை அறிவாரும் இலர். புயலடித்து மின்சாரம் போய் மீண்டபின், கணினி தானே எழும். ஏனைப் பூதங்களும் எழும். பேரேட்டுப் பூதம் மட்டும் எழாது. நூல் தேடி வந்தவர் வெறுந்திரையைக் காண்பர். நூலகத்திற் பதிலாக மருத்துவமனையின் நோயாளர் ஏட்டை வைத்து எண்ணுக. ஒரு சொல் விடுபட்டதன் கேடு விளங்கும். ஆகவே, குறித்த பூதம் விதிக்கப்பட்டுளதா என்று காட்டும் 'ஈஸ்-எனேபிள்ட்' என்னும் வினாவை நல்ல நாளிலேயே வினவி வைத்தல் அறிவுடையார் செயலாம். வெள்ளம் வருமுன் அணைகோலுதல் என்பது இதுவே.

இனி நிறுத்தும் முறையைப் பற்றிச் சில கூறுவோம். வினைகட்குக் குறிப்புணர்த்தும் சைகைகள் பல உண்டு. ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. 15 என்னும் சைகை 'டெர்ம்' எனப்படும். 'கையிலுள்ள வேலையை முடித்து, ஏடுகளைக் கட்டிவைத்து, விடைபெறுக' என்பது அதன் பொருள். 9 என்னும் சைகை 'கில்' எனப்படும்; அதனைப் பூதம் கேட்கவும் மறுக்கவும் இயலாது; அந்நொடியே மாயும். 1 என்னும் சைகை 'ஹப்' எனப்படும்; தொலைபேசிக் கம்பியின் வழி முனையங்கள் இணைந்திருந்த நாளில், இணைப்பு அற்றது என்று அறிவிக்க எழுந்த சைகை அது. முனையமே இல்லாத பூதத்திற்கு அப்பொருள் வேண்டாமையின், பல பூதங்கள் அதனை 'விதிக்கோப்பை மீளப் படிக்க' என்னும் பொருளிற் கொண்டன. பழைய சொல் புதுப்பொருள் ஏற்றல் மொழிக்கே உரியதன்று போலும்! ஸ்டாப் என்று ஏவியவுடன் சிஸ்டம்டி முதற்கண் 15ஐ அனுப்பும். வழக்கமாக 90 வினாடி காத்திருக்கும். அதன்பின்னும் அடங்காதாயின் 9ஐ அனுப்பும். பொறுமையிழந்து எடுத்த எடுப்பிலேயே 9ஐ ஏவுவார் சிலர். பேரேட்டில் பாதி எழுதிக்கொண்டிருக்கும் கணக்கனைக் கழுத்தைப் பிடித்து வெளியேற்றுதல் போன்றது அது. எழுதாது விடுபட்ட பாதி எவருடைய கணக்கோ, எவருடைய கட்டணமோ, யார் அறிவார்?

பூதம் வீழ்ந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது? பலர் அறிந்த மருந்து ஒன்றே: ரீஸ்டார்ட். அதனைத் தட்டியவுடன் பூதம் எழுந்து நிற்கும், பார்த்தவர் மகிழ்வர், காவலிருந்தவர் கண்ணயர்வர். மறுநாளும் வீழும், மறுநாளும் அம்மந்திரமே ஓதப்படும். புண்ணுக்குப் புனுகு பூசும் செயல் இது. ஏனெனின், வீழ்ந்ததன் காரணம் வேறெங்கோ இருத்தல் கூடும். அக்காரணத்தை அறிதற்குரிய ஏடு 'ஜர்னல்' எனப்படும்; அதனை 'ஜர்னல்சிடிஎல்' என்னும் சொல்லாற் படிக்கலாம். அச்சொல்லோடு ஒரு சிறு கோட்டையும் 'யூ' என்னும் எழுத்தையும் பூதத்தின் பெயரையும் சேர்ப்பின், அப்பூதத்தின் வரலாறு மட்டும் தோன்றும். 'யூ' என்பதனோடு 'எஃப்' என்பதையும் சேர்ப்பின், ஏட்டில் எழுதப்பெறும் புதுக்குறிப்புகள் எழுதியவாறே கண்முன் ஓடும்.

அவ்வேட்டில் மிகுதியும் காணப்படுங் காரணங்கள் சிலவே. ஒன்று, வட்டில் இடமின்மை. பூதம் எழுதப் புகும், இடமின்றி வீழும். எவ்வளவு இடம் எஞ்சியுள்ளதென்பதை 'டிஎஃப்' என்னும் கட்டளை காட்டும். மற்றொன்று, வாயிலை வேறொரு பூதம் முன்னரே பற்றியிருத்தல். 'எஸ்எஸ்' என்னும் கட்டளை அது யாதென்பதைக் காட்டும். பிறிதொன்று, கோப்பைத் திறக்க இசைவின்மை. இன்னுமொன்று, விதிக்கோப்பில் எழுத்துப்பிழை. இவற்றுள் எதுவும் ரீஸ்டார்ட்டால் தீர்வதன்று. நிறைந்த குடத்தை இறக்கி மீள ஏற்றினால் அதிற் புதுநீர் கொள்ளுமா? காரணங் காண்பான் ஒருமுறை விழித்து ஓராண்டு உறங்குவான். காணாதான் ஓராண்டு முழுதும் விழித்திருப்பான்.

பூதம் ஒவ்வொன்றற்கும் விதிக்கப்பெற்ற ஒழுக்கம் 'யூனிட்' என்னும் சிறு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதில் இயக்கவேண்டும் நிரல் யாது என்பதை 'எக்ஸெக்ஸ்டார்ட்' என்னும் வரியும், எவருடைய உரிமையோடு இயங்குவதென்பதை 'யூசர்' என்னும் வரியும், எதன்பின் எழுவதென்பதை 'ஆஃப்டர்' என்னும் வரியும் கூறும். 'ஆஃப்டர்' என்பது முறைவைப்பு ஒன்றையே கூறுவது. அது இன்றேல் இது இல்லை என்னும் சார்பைக் கூறுதற்கு 'ரிக்வயர்ஸ்' என்னும் வேறு வரி உண்டு. பழுதுற்று வீழ்ந்தாற் சிஸ்டம்டி தானே மீள எழுப்பல் வேண்டுமாயின், 'ரீஸ்டார்ட்' என்னும் வரியில் 'ஆன்-ஃபெயிலியர்' என்று எழுதலாம். ஆனால் எழுவதும் வீழ்வதுமாக ஓயாது அலைதலைத் தடுக்க எல்லையொன்று உண்டு: வழக்கமாக 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயலின், சிஸ்டம்டி கைவிட்டுவிடும். யந்திரமே ஐந்து முறைக்குமேல் அம்மந்திரத்தை ஓத மறுக்கும்போது, மனிதன் ஐம்பது முறை ஓதுதல் தகுமோ? கோப்பைத் திருத்தியபின் 'டீமன்-ரீலோட்' என்று ஏவுதல் வேண்டும். இன்றேல் மேற்பார்வையாளன் பழைய விதியையே நினைவிற் கொண்டிருப்பான்.

எச்சரிக்கை இரண்டு கூறி மேற்செல்வோம். தொலைவிலுள்ள கணினியை ஆளுவோன், தான் நுழைந்த வாயிலைக் காக்கும் எஸ்.எஸ்.எச்.டி. பூதத்தின் விதிக்கோப்பைத் திருத்துங்கால் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். பிழைபட்ட விதியோடு அதனை நிறுத்தித் தொடங்கின், அது எழாது. ஏவுவோன் வெளியேறின் மீள நுழையான். தான் இறங்கிய கிணற்றில் தன் கயிற்றையே அறுத்தவன் கதையாகும். ஆதலின், முன்னரே 'எஸ்எஸ்எச்டி' என்பதோடு சிறு கோடும் 'டி' என்னும் எழுத்தும் இட்டு விதியைச் சோதித்து, திறந்த முனையமொன்றை மூடாது வைத்துக்கொண்டு, புதிய முனையத்தால் நுழைந்து பார்த்தபின்னரே பழையதை மூடுதல் முறை. இரண்டாவது, எப்பூதத்திற்கும் அதன் தொழிலுக்கு வேண்டும் உரிமைக்கு மேல் கொடாதிருத்தல். பக்கம் வழங்கும் பூதத்திற்கு ரூட்டின் உரிமை முழுவதையும் ஈந்தால், அதனை வஞ்சித்துப் புகுந்த கள்வன் அரண்மனை முழுதையும் பெறுவான். வாயிற்காவலனிடம் கருவூலத் திறவுகோலைக் கொடுப்பார் இலர். இவனால் இது முடியும் என்று தேர்ந்து, அதனை மட்டும் அவன்பால் விடுதல் வேண்டும் என்பதற்காகவே திருக்குறளிற் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் எழுந்தது. ஆள்வினையில் உண்மையாயது பூதவினையிலும் உண்மையே.

இனி, இக்கல்வி நம்மவரிடத்து எந்நிலையில் உளது என்பதைக் கருதுவோம். 2011ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தால் இலட்சக்கணக்கான மாணவர் மடிக்கணினி பெற்றனர். அவற்றுட் பலவற்றில் மேற்கூறிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. வறிய இல்லங்களின் கூரையடியிலும் சிஸ்டம்டியோ அதன் முன்னோரோ வந்து அமர்ந்தனர் என்று கூறல் மிகையாகாது. ஆனால் வீட்டிற்கு வந்த விருந்தினனோடு பேசுதற்கு மொழி வேண்டுமே! பூதங்கள் எழுதும் குறிப்பும் ஆங்கிலம். அவற்றை விளக்கும் ஏடும் பெரும்பாலும் ஆங்கிலம். பன்னிரண்டாண்டு தமிழ்வழியிற் பயின்று வந்த ஒருவன், கட்டளைகளைப் பொருளறியாது மந்திரம்போல் மனனஞ் செய்கின்றான். மந்திரம் பலிக்கும்வரை அவனுக்கு வேலை உண்டு. பலியாத இரவில், ஏட்டிலுள்ள ஒரு வரியின் பொருள் தெரியாமையால், அவன் அறிவிலி என்று இகழப்படுகின்றான். அவனிடத்து இல்லாதது அறிவன்று. அறிவைத் தாங்கிவரும் சொல். இக்குறையை நீக்க முயல்வாரும் உளர். 2012ஆம் ஆண்டில் தொடங்கிய 'கணியம்' என்னும் தமிழ் இதழ், லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களை எளிய தமிழில் விளக்கி வருதல் போற்றற்குரியது. ஆயினும் செய்யவேண்டுவது இன்னும் பெரிது. யந்திரநூலார் தமிழைப் புறக்கணித்தலும், தமிழ் பயில்வார் யந்திரத்தைப் புறக்கணித்தலும் ஒருங்கே ஒழிதல் வேண்டும். ஏவலும் வியங்கோளும் வகுத்த மொழிக்கு, ஸ்டார்டையும் எனேபிளையும் விளக்கும் ஆற்றல் இல்லையென்று யார் கூறவல்லார்?

ஏவப்பட்டது நன்றோ தீதோ என்று பூதம் ஆராய்வதில்லை. நிறுத்தெனின் நிறுத்தும்; அழியெனின் அழிக்கும். ஆதலின் வினையின் பழியும் புகழும் இயற்றுதற் கருத்தாவைச் சாராது, ஏவுதற் கருத்தாவையே சாரும். நள்ளிரவில் ஒரு விசையைத் தட்டும் இளைஞன் கையில், அவன் கண்டறியாத ஆயிரவர் தேர்வு முடிவும், கூலியும், மருந்துச் சீட்டும் தங்கியிருத்தல் கூடும். ஏவுமுன் நிலையை வினவுக. வீழ்ந்தபின் ஏட்டைப் படிக்க. வேண்டிய அளவே உரிமை கொடுக்க. அடங்குதற்குக் காலந் தருக. புயலுக்கு முன் விதித்து வைக்க. இவ்வைந்தையும் கைக்கொள்வார்க்குப் பூதங்கள் நல்லேவலராய் நின்று பணிபுரியும். நம் மேற்கூரார் பிள்ளைகள் அவ்வேவலரைப் பொருளுணர்ந்து ஆளும் நாள் விரைவில் வருக.